ஆர்டிஸின் வலது பக்கம்

ஆர்டிஸ் கோலார் யாரோடு நடந்தாலும் இடது பக்கம்தான் நடப்பாள். தேவாலயத்துக்குப் போனாலும் சரி, கடைத்தெருவுக்குப் போனாலும் சரி. கூட வருகிறவர் தெரியாத்தனமாக அவளுக்கு இடப்புறம் வந்துவிட்டால், இரண்டு எட்டு வைப்பதற்குள் அவரைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் போய்விடுவாள். ஏன் இப்படி என்று டோரன்ஸ் ஊரில் யாரும் கேட்பதில்லை. அவள் ஆடி எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்கொயர் டான்ஸ் என்கிற சதுர ஆட்டத்தில் ஆணுக்கு இடது பக்கம், பெண்ணுக்கு வலது பக்கம். இப்படி நாலு ஜோடி, நாலு பக்கத்திலிருந்து உள்ளே பார்த்து நின்றால் ஒரு சதுரம். மேடையில் மைக்கோடு ஒரு குரல்காரர் இருப்பார். அவர் அடுத்தது என்ன என்று சொல்லச் சொல்ல, எட்டுப் பேரும் அந்தத் தாளத்துக்குள் அதைச் செய்து முடிக்க வேண்டும். என்ன வரப்போகிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. குரல்காரருக்கே பாதி நேரம் தெரியாது என்பது ஆர்டிஸின் கட்சி. எட்டில் ஒருத்தர் பக்கம் மாறித் திரும்பினால் போதும், மற்ற ஏழு பேரும் சந்தையில் தொலைந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். அதனால் இந்த ஆட்டத்தில் தனியாளாகக் கெட்டிக்காரி என்று பேர் வாங்க முடியாது. முட்டாள் என்று மட்டும் தனியாகவே வாங்கலாம்.

ஆர்டிஸ் ஆணின் இடத்துக்குப் போனது அவளுடைய பதினோராவது வயதில். பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பில் சதுர ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். அது அக்டோபர் மாதம். டோரன்ஸ் இருக்கும் அமெரிக்க மாநிலமான நெப்ராஸ்காவில் அக்டோபர் என்றால் சோள அறுவடை. கையால் கதிர் ஒடித்த காலம் அது. பையன்களில் பாதிப் பேர் வயலில் கிடந்தார்கள். ஆண் வரிசையில் ஆள் பற்றாமல் போகவே, ஆசிரியை பெண்களில் உயரமானவளைத் தேடினார். தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்த வகுப்பில் ஆர்டிஸ் ஒருத்திதான் பனைமரம் மாதிரி வளர்ந்திருந்தாள். "அறுவடை முடியற வரைக்கும்தான்" என்று சொல்லி இடது பக்கம் நிறுத்தினார். அறுவடை முடிந்தது, பையன்கள் திரும்பி வந்தார்கள், ஆர்டிஸ் திரும்பவில்லை. பிடித்துப்போயிற்று. பெண்ணைச் சுழற்றி அனுப்புவதும், எதிரே வருகிறவளுக்குக் கை நீட்டி வழி காட்டுவதும் அவள் கைக்கு வாகாக அமைந்துவிட்டன.

வளர்ந்த பிறகு அதே பள்ளியில் சமையல்காரி ஆனாள். வியாழக்கிழமைதோறும் அவள் வைக்கும் சில்லிக் குழம்புக்கும், தொட்டுக்கொள்ளச் சுடும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளுக்கும் ஆசைப்பட்டு, காய்ச்சலோடு வந்த பிள்ளைகள் உண்டு. முப்பது வயதில் லைலைக் கட்டிக்கொண்டாள். லைல் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். அவளைவிட ஒரு சாண் குள்ளம். காதுமடலில் எப்போதும் கோதுமைத் தூசி. அவன் வாயைத் திறந்தால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள் ஊரில். விவசாயிகள் அதற்காகவே அவனைப் பேச வைக்கப் பார்த்ததும் உண்டு.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் டோரன்ஸில் ஆட்டக் கழகம் தொடங்கினார்கள். பேர், சுழலும் சோளக்கதிர். கழகம் என்றால் கொடி வேண்டும். பச்சைத் துணியில் பெரிய மஞ்சள் கதிர் ஒன்று, ஒவ்வொரு மணியிலும் ஓர் உறுப்பினரின் பேர். தைத்தவள் ஆர்டிஸ். முதல் வகுப்புக்கு முன்பே தன் பேரையும் பக்கத்து மணியில் லைலின் பேரையும் தைத்துவிட்டாள். அவ்வளவு ஆசை.

அந்த முதல் வகுப்பில்தான் வினை வந்தது. பழக்க தோஷத்தில் ஆர்டிஸ் நேராகப் போய் இடது பக்கம் நின்றுகொண்டாள். லைல் மரியாதைக்காரன். பெண்டாட்டி நின்ற இடத்தை விட்டு நகர்ந்து வலது பக்கம் நின்றான். குரல்காரர் வெண்டல் முதல் கட்டளையைக் கொடுத்தார்: வலக்கை கொடு, இடக்கை கொடு, ஆண்கள் ஒரு திசை, பெண்கள் எதிர்த் திசை, கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றி வா. ஆர்டிஸ் ஆண்களின் திசையில் போனாள். ஆணாகப் பிறந்த லைலும் அதே திசையில் போனான். எதிரே வந்த போதகரின் மனைவி அவன் மேல் முட்டி, பாவாடை விரிய, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெண்டல் பாட்டை நிறுத்தினார். மைக்கில் சொன்னார்: "டோரன்ஸ்காரங்களே, எனக்கு ஒரு சந்தேகம். இந்த ஜோடியில புருஷன் யாரு?"

கூடமே சிரித்தது. லைலும் சிரித்தான். போதகரின் மனைவியைக் கைதூக்கி எழுப்பிவிட்டு, மூலையில் இருந்த காபிப் பாத்திரத்துக்குப் போய் ஒரு கோப்பை பிடித்துக்கொண்டான். திரும்பி வரவில்லை.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது ஆர்டிஸ் சொன்னாள், "தப்பு என்னோடது லைல். நான்தான் எடம் மாறி நின்னுட்டேன்."

"காபி நல்லாயிருந்துச்சு" என்றான் லைல்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவன் ஆட்டத் தளத்தில் கால் வைக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டதில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆர்டிஸை ஏற்றிக்கொண்டு வருவான், இடுப்பில் சமையல் ஏப்ரனைக் கட்டுவான், காபி போடுவான், பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த பழ அப்பங்களை ஆறாறு துண்டாக வெட்டி வைப்பான், அப்புறம் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். பாத்திரத்தின் மேல் கண் வைத்திருக்கிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆர்டிஸோடு ஆடியவள் ஃபெர்ன். தபால் நிலையத்துக்காரி, குட்டையானவள், ஊரின் நீளமான நாக்கு அவளுக்குத்தான். ஆணின் இடத்தில் ஆடும் பெண் கையில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். ஆர்டிஸுக்கு ஞாயிறுதோறும் அதைக் கட்டிவிடுபவளும் அவள்தான். "உனக்கு ஒரு புருஷன், அவனுக்குக் காபிப் பாத்திரம் ஒரு பெண்டாட்டி. நடுவுல நான் எதுக்குடி?" என்பாள். சுழலும்போது பாவாடையை இடது கையால் ஒரு வெட்டு வெட்டி விசிறுவாள். அதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்ததாக அவள் சொல்லிக்கொள்வாள்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், புதிய வகுப்பு தொடங்கும்போது, ஆர்டிஸ் லைலிடம் ஒரு தடவை கேட்பாள்: "இந்த வருஷம் வர்றியா?"

"காபியை யாரு பாக்குறது?" என்பான் அவன்.

ஒன்பது வருஷம் கேட்டாள். பத்தாவது வருஷம் கேட்கவில்லை. அவனைச் சங்கடப்படுத்துகிறோமோ என்று தோன்றிவிட்டது. ஆசை மட்டும் அப்படியே இருந்தது. மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கை நிறைய வேலை, வீடு நிறைய ரொட்டி வாசனை, சண்டை போடத் தெரியாத புருஷன். இதற்கு மேல் கேட்டால் பேராசை என்று தன்னையே அதட்டிக்கொள்வாள்.

இருபத்திரண்டாவது வருஷம் நவம்பரில் கொடி திருட்டுப் போயிற்று. திருட்டு என்றால் ஒளிந்து எடுப்பதில்லை. பக்கத்து ஊர்க் கழகத்திலிருந்து எட்டுப் பேர், ஒரு முழுச் சதுரமாக, விருந்தாளியாக வந்து ஆடிவிட்டால், போகும்போது நம் கொடியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போகலாம். நாமும் வாசல் வரை வந்து கையசைத்து அனுப்ப வேண்டும். கொடி திரும்ப வேண்டுமானால் நாமும் எட்டுப் பேராக அவர்கள் ஊருக்குப் போய், இரண்டு பாட்டு கொண்ட ஒரு சுற்றைக் கலையாமல் ஆடிக் காட்ட வேண்டும். குளிர்காலத்தில் சோம்பிக் கிடக்கும் கழகங்களை வெளியே இழுக்க எவரோ கண்டுபிடித்த வழி. அந்த வட்டாரத்தில் நூறு நாள் கெடு. தவறினால், வசந்த விழாவில் எல்லாக் கழகங்களுக்கும் முன்னால் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், அது ஒரு வருஷம் அவர்களிடமே இருக்கும்.

எடுத்துப்போனவர்கள் கார்விக் என்ற ஊர்க்காரர்கள். நாற்பது மைல் தூரம். டிசம்பரில் டோரன்ஸ்காரர்கள் கிளம்பியபோது பனிப்புயல் வந்து பாதி வழியில் திரும்பினார்கள். ஜனவரியில் மூன்று பேருக்கு ஃப்ளூ. பிப்ரவரியில், தொண்ணூற்றெட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, கழகத் தலைவர் டெல்மர் எப்படியோ எட்டுப் பேரைத் திரட்டிவிட்டார். எழுபது வயதில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார் மனிதர். தேவாலயத்து வேனை லைல் ஓட்டினான். மடியில் ரெண்டு ஆப்பிள் அப்பத்தோடு ஆர்டிஸ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தான் தைத்த கொடி தலைகீழாகத் தொங்குவதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

கார்விக் கூடத்தின் வாசற்படியில் உறைபனி. வேனிலிருந்து முதலில் குதித்தவள் ஃபெர்ன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, கடைசிப் படியில் வழுக்கி உட்கார்ந்தாள். உள்ளே தூக்கிப் போய் நாற்காலியில் வைப்பதற்குள் கணுக்கால் உருளைக்கிழங்காக வீங்கிவிட்டது.

"ஒத்தக் காலால ஆடுறேன், விடுங்க" என்றாள்.

"வாயால ஆடுறதா இருந்தா உன்னை விட்டிருப்பேன்" என்றார் டெல்மர். அவர் முகம் செத்துப்போயிருந்தது. மிச்சம் ஏழு பேர்.

மேடையில் மைக்கோடு நின்றவர், ஊர் ஊராகப் போய்க் குரல் கொடுக்கும் அதே வெண்டல். இத்தனை வருஷத்தில் தலை வெளுத்ததே தவிர, வாய் வெளுக்கவில்லை. "டோரன்ஸ்காரங்க வந்துட்டாங்க! எண்ணிப் பாத்தேன், ஏழு மூலைச் சதுரம் ஒண்ணு கொண்டாந்திருக்காங்க!" என்றார். கார்விக் பெண்களில் ஒருத்தி இரக்கப்பட்டு எட்டாவது ஆளாக வரட்டுமா என்று கேட்டாள். முறை அதற்கு இடம் தராது. எட்டும் ஒரே கழகமாக இருக்க வேண்டும்.

காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த ஃபெர்ன்தான் சொன்னாள், "லைல் இருக்கானே."

"அவரு காபிக்காரரு. உறுப்பினர் இல்லையே" என்றார் வெண்டல்.

ஆர்டிஸ் யாரோடும் பேசாமல் கூடத்தைக் கடந்து போனாள். சுவரில் கார்விக்காரர்களின் கொடிக்குப் பக்கத்தில் அவள் கொடி தொங்கியது. முதல் வரிசையில் ஒரு மணியின் மேல் விரலை வைத்தாள். "வெண்டல், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து படிங்க."

இறங்கி வந்து படித்தார். மஞ்சள் மணியில் பழுப்பு நூலில் லைல் என்று இருந்தது. நூல் கொஞ்சம் வெளிறியிருந்தாலும் ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை.

"எப்ப தைச்சீங்க?"

"முதல் நாள்."

வெண்டல் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மேடைக்குத் திரும்பினார். டெல்மருக்கு உயிர் வந்தது. ஆனால் ஆர்டிஸுக்குப் பயம் அப்போதுதான் பிடித்தது. லைல் ஆண். அவன் இடது பக்கம் நின்றால் அவள் வலது பக்கம் நிற்க வேண்டும். நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் நின்றதில்லை. எல்லாத் திருப்பத்தையும் தலைகீழாக யோசித்து ஆட வேண்டும். அவனுக்கோ ஒன்றும் தெரியாது. முதல் பாட்டிலேயே கலையும். வெண்டல் மைக்கில் ஏதாவது சொல்வார். இன்னொரு தடவை இவன் அதைக் கேட்டு நிற்க வேண்டும்.

லைல் கார்விக்காரர்களின் அடுக்களைத் திண்டில் காபி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம் லைல். கொடி போனா போகுது. இன்னொண்ணு தைச்சுக்குவேன்."

அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். லைல் கையைத் துடைத்தான். காபிப் பாத்திரத்தின் சுவிட்சை அணைத்தான். இத்தனை வருஷத்தில் ஆட்டம் முடியுமுன் அவன் அதை அணைத்தது அதுவே முதல் தடவை. ஏப்ரனைக் கழற்றக்கூட மறந்து அவளோடு தளத்துக்கு நடந்தான்.

ஆர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் போய் நின்றாள். லைல் அவளைப் பார்த்தான். இரண்டே எட்டில் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு வலது பக்கம் நின்றான்.

"என்ன பண்றே நீ?"

"நீ உன் எடத்துலயே நில்லு."

"அது பொம்பளை நிக்கிற எடம்யா!"

"தெரியும்."

மேடையிலிருந்து வெண்டல் பார்த்துவிட்டார். "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க. அந்த ஓரத்து ஜோடியில…" என்று மைக்கில் தொடங்கினார். ஆர்டிஸுக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் நகர்வதற்குள் லைல் பேசினான். அவன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று யாரும் நினைத்ததில்லை.

"புருஷன் நான்தான் வெண்டல். நிக்கிறது இவ வலது பக்கம். நீங்க பாட்டைப் போடுங்க."

வெண்டல் பாட்டைப் போட்டார்.

முதல் கட்டளையே அந்தப் பழைய கட்டளைதான். வலக்கை, இடக்கை, கைமாற்றிச் சுற்றி வா. ஆர்டிஸ் ஆண்களின் திசையில் கிளம்பினாள், கலையப்போகிறது என்ற நினைப்போடு. லைல் பெண்களின் திசையில் போனான். தடுமாற்றம் இல்லை, எண்ணிப் பார்க்கும் உதட்டசைவு இல்லை. வழியில் டெல்மர் அவனுக்கு வலக்கையைக் கொடுக்கும்போது, முறைமாமனைப் பார்த்த பெண் மாதிரி முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார். சுற்றின் மறுகோடியில் ஆர்டிஸ் கை நீட்டிய இடத்தில், நீட்டிய நொடியில், லைலின் கை இருந்தது.

இரண்டாவது பாட்டில் கட்டளைகள் நெருக்கமாக விழுந்தன. கூட்டாளியைச் சுழற்று. ஆர்டிஸ் சுழற்றினாள். அவள் கையின் கீழே சுழன்று வெளியே போகும்போது, லைல் ஏப்ரனின் ஓரத்தை இடது கையால் பிடித்து ஒரு வெட்டு வெட்டி விசிறினான். அச்சு அசல் ஃபெர்ன்.

"என் விசிறலைத் திருடிட்டான் பாவி!" என்று நாற்காலியிலிருந்து கத்தினாள் ஃபெர்ன்.

ஆர்டிஸுக்கு வாய் பிளந்துவிட்டது. அந்தப் பிளப்பில் ஒரு கட்டளையைத் தவறவிட்டாள். நாற்பத்திரண்டு வருஷ ஆட்டக்காரி, வலமா இடமா என்று தெரியாமல் நடுவில் நின்றாள். மூன்று பேர் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். லைலின் கை அவள் முழங்கையைத் தொட்டுத் திருப்பியது.

"இடது, ஆர்டிஸ். இடது."

திரும்பினாள். சதுரம் மூடிக்கொண்டது. பாட்டு முடிந்ததும், முறைப்படி கூட்டாளிக்கு வணக்கம். அவள் குனிந்தாள். லைல் பெண்களைப் போல ஏப்ரனை இரு கையாலும் பிடித்து முழங்கால் மடக்கினான். கார்விக்காரர்கள் தரையை உதைத்து ஆர்ப்பரித்தார்கள். வெண்டல் தானே போய்க் கொடியைக் கழற்றிக்கொண்டு வந்து, மைக் இல்லாமல், லைலின் கையில் கொடுத்தார். "அன்னைக்கு நான் பேசினது…" என்று தொடங்கினார். லைல், "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டான்.

ஆர்டிஸ் அவனை அடுக்களைப் பக்கம் இழுத்துப் போனாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "எங்கேய்யா கத்துக்கிட்டே?"

"காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்துல."

"பாத்துக் கத்துக்கிட்டேன்னா ஆம்பளை எடத்தையில்ல கத்துக்கிட்டிருக்கணும்?"

"அங்கதான் நீ இருக்கியே" என்றான் லைல். "எங்க நின்னா உன் கை எனக்கு வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

ஆர்டிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்புறம் ஏன் வாயைத் திறக்கல? இத்தனை வருஷம்?"

லைல் சுவிட்சைப் போட்டான். பாத்திரம் முனக ஆரம்பித்தது. "பத்தாவது வருஷம் சரின்னு சொல்லலாம்னு இருந்தேன். அந்த வருஷம் நீ கேக்கல."

அவள் அழுதாள், அழுதுகொண்டே அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு சிரித்தாள். ஏப்ரனின் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இப்ப கேக்குறேன்" என்றாள். "வர்ற ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"வர்றேன்" என்றான்.

திரும்பும் வழியில் வேனில் ஃபெர்ன் வீங்கிய காலைக் கொடியின் மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு புலம்பிக்கொண்டே வந்தாள். "கால் சரியானதும் நான் யாரு கூட ஆடுறதாம்? என் கூட்டாளியையும் பறிச்சுக்கிட்டான், என் விசிறலையும் எடுத்துக்கிட்டான்."

"நம்ம டெல்மரோட ஆடு" என்றாள் ஆர்டிஸ்.

"அந்த மனுஷன் என் காலை மிதிப்பாரு!"

"அதான் ஏற்கெனவே வீங்கியிருக்கே" என்றார் பின்னாலிருந்து டெல்மர். கொடியைத் தவிர வேறெந்த நினைப்பும் அவருக்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோரன்ஸ் கூடத்தில் கொடி பழைய ஆணியில் தொங்கியது. ஆர்டிஸின் கையில் சிவப்பு ரிப்பனை லைல் கட்டிவிட்டான், கொஞ்சம் இறுக்கமாகவே. காபியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஃபெர்னுக்கு வந்தது. அவள் ஆட்டத்தைப் பார்த்த அளவுக்குப் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. காபி அடிப்பிடித்துக் கசந்தது. அந்தக் கழகத்தில் அப்படியொரு மோசமான காபியை யாரும் குடித்ததில்லை. எல்லோரும் இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார்கள்.